மாண்டிசோரி முறையும் தளர்நடைக் குழந்தையும்: ஓர் எளிய அறிமுகம்

ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று வாசற்படியில் உட்கார்ந்து தன் செருப்பைத் தானே மாட்டிக்கொள்ள முயல்கிறது. வலக்கால் செருப்பு இடக்காலில் ஏறுகிறது, வார் உள்ளே மடங்கிக்கொள்கிறது, குழந்தை அதைக் கழற்றி மறுபடியும் தொடங்குகிறது. தெருவில் ஆட்டோ காத்திருக்கிறது. அருகில் நிற்கும் அம்மாவோ பாட்டியோ குனிந்து அரை நொடியில் செருப்பை மாட்டிவிட்டால் குழந்தை வீறிட்டு அழுகிறது. ‘இதுக்குப் போய் இவ்வளவு பிடிவாதமா’ என்று நாம் சலித்துக்கொள்கிறோம். மாண்டிசோரி முறையை முதன்முதலாக அறிய விரும்பும் பெற்றோர் இந்தச் செருப்பிலிருந்து தொடங்குவது நல்லது. குழந்தை கேட்டது செருப்பு மாட்டிய கால்களை அன்று; மாட்டும் வேலையைத்தான் அது கேட்டது, அந்த வேலையைத்தான் நாம் பறித்துவிட்டோம்.

மாண்டிசோரி என்றதும் வழவழப்பான மரச் சாமான்கள், வெளிர் நிறச் சுவர்கள், கூடுதலான கட்டணம் ஆகியவையே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. சாமான்களுக்கு இந்த முறையில் இடம் உண்டு என்றாலும், நடக்கத் தொடங்கியது முதல் ஏறத்தாழ மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு அவற்றைக் காட்டிலும் தேவைப்படுவது, அது தன் வேலையைத் தானே செய்துகொள்ள ஏற்றபடி அமைத்த வீடும், கையைக் கட்டிக்கொண்டு சற்று நேரம் காத்திருக்கப் பழகிய பெரியவரும்தான்.

ரோமிலிருந்து அடையாறு வரை

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பது மிக அரிதாக இருந்த அந்நாளில், 1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றியவர்கள் என ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடையே பணியாற்றியபோது, பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகேன் ஆகியோரின் எழுத்துகளைக் கற்று, பார்த்தும் தொட்டும் பிடித்தும் அறியத்தக்க கருவிகளை உருவாக்கினார். பின்னர் 1907 ஜனவரி 6 அன்று, ரோமின் தொழிலாளர் குடியிருப்பான சான் லொரென்சோவில் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற பெயரில் ஓர் அறையைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போனபின் மாடிப்படிகளில் சுற்றித் திரிந்து சுவர்களைப் பாழாக்கிய பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதே கட்டட உரிமையாளர்களின் நோக்கமாக இருந்தது.

அந்த அறையில் அவர் கண்ட காட்சிகளில் ஒன்றை மட்டும் சொன்னால் போதும். மூன்று வயதை ஒட்டிய ஒரு சிறுமி, மரக்கட்டையில் உள்ள வெவ்வேறு அளவுக் குழிகளில் அவற்றுக்குரிய உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். மற்ற குழந்தைகளைச் சுற்றிலும் பாடச் செய்தும் அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தபோதும், உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கும் மேல் அதையே செய்து முடித்து, நன்றாகத் தூங்கி எழுந்தவளைப் போல முகம் தெளிந்து நிறுத்தினாள். சிறு குழந்தைக்குக் கவனம் நிலைக்காது என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில் மாண்டிசோரி கண்ட இந்தக் கவனமே அவருடைய முறைக்கு அடித்தளமாக அமைந்தது.

இந்த முறைக்கும் சென்னைக்கும் நேரடி உறவு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. அடையாறு பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேல், அவருடைய மனைவி ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, 1939-இல் தம் 69-ஆம் வயதில் மாண்டிசோரி மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். அடையாறில் அவர் நடத்திய முதல் பயிற்சி வகுப்பில் 300-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கிலேய அரசு மரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தது; மாண்டிசோரி பிரம்மஞான சபையின் வளாகத்தை விட்டு வெளியேறத் தடை விதித்தது. அவருடைய 70-ஆவது பிறந்தநாளையொட்டி மரியோ விடுவிக்கப்பட்டார். பின்னர் இருவரும் கொடைக்கானலில் தங்கிப் பல வயதுக் குழந்தைகளோடு பணிசெய்தனர். 1944-இல் இலங்கையிலும் பயிற்சி நடத்தினர். சில மாதங்களுக்கென்று வந்தவர் 1946 வரை இங்கேயே இருக்க நேர்ந்தது. அந்த ஆண்டுகளில் இந்திய வீடுகளில் தாயின் இடுப்பிலும் மடியிலும் எப்போதும் உடனிருந்த கைக்குழந்தைகளைக் கவனித்து, பிறந்தது முதல் மூன்று வயது வரையான பருவத்தைப் பற்றி அவர் மிகுதியாகப் பேசலானார். இந்தியாவில் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து உருவான ‘உள்வாங்கும் மனம்’ (The Absorbent Mind) என்ற நூல் 1949-இல் சென்னையில் அச்சாயிற்று. தளர்நடைக் குழந்தையைப் பற்றிய மாண்டிசோரிக் கருத்துகளில் கணிசமானவை நம் மண்ணில் வைத்துச் சொல்லப்பட்டவை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

உள்வாங்கும் மனம்

அந்த நூலின் மையக் கருத்து, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மனம் பெரியவர் மனத்தைப் போல முயன்று கற்பதில்லை, பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோலச் சுற்றியுள்ள அனைத்தையும் உள்வாங்கிக்கொள்கிறது என்பதாகும். அதிலும் முதல் மூன்று ஆண்டுகளில் இது குழந்தை அறியாமலேயே நிகழ்கிறது.

நம் மொழியை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். ‘அக்கா வந்தா’, ‘தாத்தா வந்தாரு’, ‘நாய் வந்துச்சு’ என்று இரண்டரை வயதுக் குழந்தை பேசுகிறது. பெண்பாலுக்கு ஒரு விகுதி, மரியாதைக்கு ஒரு விகுதி, அஃறிணைக்கு ஒரு விகுதி என்று அதற்கு யாரும் பாடம் நடத்தவில்லை. வளர்ந்தபின் தமிழ் கற்கும் வெளிநாட்டவர் ஆண்டுக்கணக்கில் தடுமாறும் இந்த நுட்பத்தை, குழந்தை சோறு உண்டபடியும் சுவரில் கிறுக்கியபடியும் பெற்றுவிட்டது. மொழியை இப்படிப் பெறும் மனம், வீட்டில் மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படி அழைக்கிறார்கள், பொருள்களை வைக்கிறார்களா எறிகிறார்களா, தவறு நேர்ந்தால் கத்துகிறார்களா துடைக்கிறார்களா என்பதையும் அதே வேகத்தில் பெற்றுக்கொள்கிறது. எனவேதான் இந்த வயதில் ‘என்ன கற்றுக்கொடுப்பது’ என்ற கேள்வியைக் காட்டிலும் ‘எதன் நடுவில் குழந்தை வாழ்கிறது’ என்ற கேள்விக்கு மாண்டிசோரி அதிக எடை கொடுத்தார்.

ஒழுங்கு, அசைவு, சொல்

குழந்தையின் வளர்ச்சியில் சில காலங்களில் சில ஆற்றல்கள்மீது அடங்காத நாட்டம் எழுந்து, அந்த ஆற்றல் கைவந்ததும் தணிந்துவிடுகிறது. இவற்றை நாம் கூருணர்வுப் பருவங்கள் எனலாம். குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் உற்றுப் பார்ப்பது தமிழுக்குப் புதிதன்று. ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் வருகை என்று பிள்ளைத்தமிழ் பருவம் வகுத்திருக்கிறது. கைகொட்டுவதும் தளர்நடை நடந்து வருவதும் அந்தந்த மாதத்துக்குரிய பெரும் நிகழ்ச்சிகள் என்று நம் புலவர்கள் கண்டதைப் போலவே, மாண்டிசோரியும் ஒவ்வொரு புதிய அசைவையும் ஒரு பெரும் நிகழ்ச்சியாகக் கண்டார்.

இவற்றுள் பெற்றோர் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்வது ஒழுங்கின்மீதான நாட்டத்தைத்தான். மாண்டிசோரி தாம் நேரில் கண்ட ஒன்றை விவரிக்கிறார். ஆறு மாதம் மதிக்கத்தக்க ஒரு குழந்தை இருந்த அறைக்குள் வந்த பெண்மணி, தம் குடையை மேசைமேல் வைத்தார். குழந்தை குடையையே பார்த்துவிட்டு அழத் தொடங்கியது. அதற்குக் குடை வேண்டும்போலும் என்று நினைத்து அவர் கையில் கொடுத்தபோது, குழந்தை அதைத் தள்ளிவிட்டு மேலும் கதறியது. குடையை எடுத்து அறைக்கு வெளியே கொண்டுபோனதும் அழுகை நின்றது. மேசைமேல் குடை இருப்பது அந்தக் குழந்தை அறிந்திருந்த உலகத்தின் ஒழுங்கைக் குலைத்துவிட்டது என்பதே அதற்கு அவர் தந்த விளக்கம்.

நம் வீடுகளில் இதே காட்சி வேறு உருவத்தில் நாள்தோறும் நடக்கிறது. தாத்தாவின் நாற்காலியில் விருந்தினர் உட்கார்ந்தால் இரண்டு வயதுக் குழந்தை அவரை எழுப்பிவிடப் பார்க்கிறது. வழக்கமான கிண்ணத்துக்குப் பதிலாக வேறு கிண்ணத்தில் தயிர்சாதம் வந்தால் உண்ண மறுக்கிறது. குளிப்பதற்கு முன் உண்பது வழக்கமாயிருந்து ஒருநாள் முறை மாறினால் வீடே அமளிப்படுகிறது. இதைப் பிடிவாதம் என்று பெயரிட்டு அடக்குவதற்கு முன், இன்று எது இடம் மாறியது, எது முறை மாறியது என்று பெரியவர் தமக்குள் கேட்டுக்கொண்டால், காரணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பசியாலும் தூக்கக் கலக்கத்தாலும் வரும் அழுகையும் உண்டு. அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, சோறும் பாயும் போதும்.

அசைவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நடக்கப் பழகிய குழந்தை தன்னால் முடிந்த அளவுக்குக் கனமானதைத் தூக்கவும், படியில் ஏறி இறங்கவும், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகவும் விரும்புகிறது. ‘கனம், வேண்டாம், கீழே வை’ என்று நாம் தடுப்பது பழக்கமாகிவிட்டது. ஒரு தேங்காயை இரு கைகளாலும் அணைத்து, வயிற்றைத் தள்ளியபடி, கூடத்திலிருந்து அடுப்படிவரை சுமந்துபோகும் குழந்தையின் முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள், அதன்பின் அந்த வேலையைத் தடுக்க மாட்டார்கள்.

குழந்தைக்கு ஏற்ற வீடு

மாண்டிசோரி ‘ஆயத்தச் சூழல்’ என்று குறிப்பிட்டதை, குழந்தை பெரியவர் உதவியைக் கேட்காமலே தன் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும்படி முன்கூட்டியே அமைத்து வைத்த இடம் என்று சுருக்கமாகச் சொல்லலாம். இதற்கெனத் தனி அறையோ பெரும் செலவோ வேண்டியதில்லை. குழந்தையின் தோள் உயரத்தில் சுவரில் ஓர் ஆணியோ கொக்கியோ இருந்தால், அது தன் துண்டைத் தானே மாட்டிக்கொள்ளும். வாசலருகே செருப்புக்கு ஓர் இடம், அதன் அருகில் உட்கார ஒரு சிறு மணை இருந்தால், முதலில் சொன்ன செருப்புப் போராட்டம் பாதி தீர்ந்துவிடும். அடுக்களையில் கீழ்த்தட்டு ஒன்றை ஒதுக்கி, அதில் குழந்தையின் தட்டு, டம்ளர், கைத்துண்டு ஆகியவற்றை எப்போதும் அதே இடத்தில் வைத்தால், உணவு வேளையில் அது தானே எடுத்து வரும். இரண்டு செங்கல் உயரத்தில் ஒரு பலகை போட்டுப் பொருள்களை வைத்தாலும் அது மாண்டிசோரி அலமாரிதான்.

அலமாரியில் பொருள்கள் குறைவாக, ஆறேழுக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித் தட்டிலோ கூடையிலோ முழுமையாக இருக்க வேண்டும். பெரிய பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான்களைக் கொட்டிவைத்தால் குழந்தை எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு எதையும் செய்யாமல் போவதை எல்லா வீடுகளிலும் பார்க்கலாம். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கம், வைப்பதற்கு ஓர் இடம் இருந்தால்தானே வரும்?

இந்த முறையில் குழந்தைக்குக் கம்பித் தொட்டிலை விடத் தரையில் விரித்த தாழ்வான படுக்கை பரிந்துரைக்கப்படுகிறது. விழித்ததும் தானே எழுந்து வரும் உரிமை அதற்கு வேண்டும் என்பதே காரணம். குழந்தை வேலைசெய்யும் இடத்தின் எல்லையைக் காட்ட, சுருட்டி வைத்துக்கொள்ளும் சிறு விரிப்பும் பயன்படுத்தப்படுகிறது. பாயில் படுத்து, பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவைத்து வளர்ந்த நமக்கு இவை இரண்டையும் விளக்கத் தேவையில்லை.

பாதுகாப்பு இந்த அமைப்பின் முதல் நிபந்தனையாகும். குழந்தை தானாக இயங்க விடுவது என்றால் தனியாக விட்டுவிடுவது என்று பொருளில்லை. சாயக்கூடிய அலமாரியைச் சுவரோடு பிணைக்க வேண்டும். குளியலறையில் நீர் நிரம்பிய வாளியை ஒருபோதும் திறந்து வைக்கக் கூடாது. ஓரிரு சாண் தண்ணீரில்கூடத் தலைகீழாக விழுந்த குழந்தையால் எழ முடியாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் மணி, புளியங்கொட்டை, முழு நிலக்கடலை, காசு, பொத்தான் வடிவ பேட்டரி போன்று தொண்டையில் அடைக்கக்கூடிய எதையும் தரக் கூடாது. பெரிய குழந்தைகளுக்கான மணிகளையும் சிறு விதைகளையும் கொண்ட பயிற்சிகளைப் படத்தில் பார்த்துவிட்டு ஒன்றரை வயதுக் குழந்தைக்குச் செய்துதரும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். அது அன்பினால் செய்யும் பிழை என்றாலும் ஆபத்தான பிழை.

தண்ணீர் ஊற்றும் வேலை

இந்த வயதுக்குரிய பயிற்சிகளில் தலையானவை, அன்றாட வாழ்வின் வேலைகளே. அவற்றுள் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

ஒரு தட்டில் இரண்டு சிறு குவளைகள் இருக்கின்றன. வலப்புறக் குவளையில் பாதியளவு தண்ணீர் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சிறு பஞ்சுத்துண்டு. பெரியவர் குழந்தையின் அருகில் உட்கார்ந்து, குவளையின் கைப்பிடியைப் பிடித்து, மெதுவாகத் தூக்கி, மற்றக் குவளையின் வாய்க்கு மேல் கொண்டுவந்து, ஒரு கணம் நிறுத்தி, ஊற்றுகிறார். கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருக்கிறார். தட்டில் சிந்திய ஒரு துளியைப் பஞ்சால் ஒற்றி எடுக்கிறார். இவ்வளவையும் பேசாமல் செய்கிறார், ஏனெனில் இந்த வயதுக் குழந்தை கையைப் பார்க்கும்போது சொல்லைக் கேட்பதில்லை, சொல்லைக் கேட்கும்போது கையைப் பார்ப்பதில்லை. பின்பு தட்டைக் குழந்தையின் பக்கம் நகர்த்திவிட்டுத் தம் கைகளை மடியில் வைத்துக்கொள்கிறார்.

இருபத்திரண்டு மாதப் பெண் குழந்தை ஒன்று இதை முதன்முதலாகச் செய்தபோது நான் அருகில் இருந்தேன். முதல் தடவை பாதித் தண்ணீர் தட்டில் விழுந்தது. அவள் தட்டையே பார்த்தாள். பஞ்சை எடுத்து ஒற்றினாள். பஞ்சைப் பிழிந்தபோது தண்ணீர் சொட்டுவதைக் கண்டு நிறுத்தினாள். அதன்பின் ஊற்றும் வேலையை விட்டுவிட்டு, தட்டில் நனைப்பதும் குவளையில் பிழிவதுமாகக் கால்மணி நேரத்துக்கும் மேல் அதையே செய்தாள். ‘அது அப்படி இல்லம்மா, இப்படி ஊத்தணும்’ என்று சொல்ல என் நா எழுந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் விரல்கள் எதைத் தேடிக்கொண்டிருந்தனவோ அதை அந்தப் பஞ்சு கொடுத்துக்கொண்டிருந்தது. நான்கு நாள்களுக்குப் பின் அவளாகவே குவளைக்குத் திரும்பி வந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினாள்.

பிழையைப் பெரியவர் சுட்டிக்காட்டத் தேவையில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. தண்ணீர் சிந்தினால் தட்டே சொல்லிவிடுகிறது. வடிவப் பலகையில் வட்டத்தைச் சதுரக் குழியில் வைத்தால் அது உள்ளே இறங்குவதில்லை. பொருளே பிழையைக் காட்டும்படி அமைத்துவிட்டால், குழந்தை பெரியவர் முகத்தைப் பார்த்துச் சரியா தவறா என்று அறிய வேண்டிய நிலை இல்லாமல் போகிறது. மாண்டிசோரி வகுப்புகளில் கண்ணாடிக் குவளையும் பீங்கான் தட்டும் பயன்படுத்தப்படுவதற்கும் இதுவே காரணம்: கவனமில்லாமல் வைத்தால் உடையும் என்பதைப் பொருளே கற்பிக்கிறது. வீட்டில் எவர்சில்வரில் தொடங்குவதில் குற்றமில்லை.

தமிழ் அடுக்களை இத்தகைய வேலைகளின் சுரங்கம். கீரை ஆய்வது, மலைப்பூண்டின் பெரிய பற்களைப் பிரிப்பது, மொக்கைக் கத்தியால் வாழைப்பழத்தைத் துண்டு போடுவது, துவைத்த கைக்குட்டையை நான்காக மடிப்பது, சொம்பு நீரைத் துளசிச் செடிக்கு ஊற்றுவது ஆகிய எல்லாம் இரண்டு வயதுக் குழந்தையால் செய்யக்கூடியவை. ஆனால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கீரை ஆய்ந்து முடிய வேண்டும் என்பது நம் குறிக்கோள். காம்பிலிருந்து இலையைக் கிள்ளுவதே குழந்தையின் குறிக்கோள். அதன் உதவியால் நம் வேலை விரைவில் முடியும் என்று எதிர்பார்த்தால் இருவருக்கும் ஏமாற்றமே மிஞ்சும். ஆகவே சமையல் அவசரமாக நடக்கும் காலை வேளையைத் தவிர்த்து, மாலையில் ஒரு பிடிக் கீரையைத் தனியே எடுத்து வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

பெயர் சொல்லும் முறை

பேச்சு பெருகும் இக்காலத்தில் குழந்தைக்குப் பொருள்களின் உண்மையான பெயர்களைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பது மாண்டிசோரியின் வற்புறுத்தல். ‘பூ’ என்பதோடு நிற்காமல் செம்பருத்தி, கனகாம்பரம், நந்தியாவட்டை என்று சொன்னால் குழந்தை அவற்றையும் அதே எளிமையோடு பிடித்துக்கொள்கிறது. ‘மம்மு’, ‘பாச்சி’ போன்ற மழலைச் சொற்கள் அன்பின் சொற்கள்; அவற்றை விலக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. ஆனால் சோறு, பால் என்ற பெயர்களும் கூடவே காதில் விழ வேண்டும்.

பெயரைக் கற்பிக்க, செகேனிடமிருந்து பெற்ற மூன்று படி முறை ஒன்று உண்டு. மூன்று காய்களை எடுத்துக்கொண்டு, முதலில் ‘இது முருங்கைக்காய்’, ‘இது கத்தரிக்காய்’, ‘இது வெண்டைக்காய்’ என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்ல வேண்டும். அடுத்து ‘கத்தரிக்காயைக் கூடையில் போடு’, ‘முருங்கைக்காயைப் பாட்டியிடம் கொடு’ என்று கேட்க வேண்டும். இந்த இரண்டாம் படியே நெடுநேரம் நீள வேண்டியது. குழந்தைக்குப் பிடித்ததும் இதுதான். ‘இது என்ன?’ என்று கேட்கும் மூன்றாம் படியை, குழந்தைக்குப் பெயர் நன்றாகப் படிந்துவிட்டது என்று தெரிந்த பிறகே எடுக்க வேண்டும். தவறாகச் சொன்னால் திருத்தாமல், இன்னொரு நாள் முதல் படியிலிருந்து தொடங்கலாம். விருந்தினர் வந்ததும் ‘மாமாகிட்ட சொல்லு, இது என்ன, இது என்ன’ என்று நாம் செய்யும் சோதனை, மூன்றாம் படியிலிருந்தே தொடங்குவதால்தான் குழந்தை முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது.

சுதந்திரமும் எல்லையும்

குழந்தையை அதன் போக்கில் விட்டுவிடுவதே மாண்டிசோரி என்பது பரவலான தவறான எண்ணம். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும், பிறரை அடிப்பதும், பொருளைப் பாழாக்குவதும் எந்நிலையிலும் அனுமதிக்கப்படுவதில்லை. குழந்தை குவளையை வீசினால், ‘இது ஊற்றுவதற்கு, வீசுவதற்குப் பந்து இருக்கிறது’ என்று அமைதியாகச் சொல்லிக் குவளையை எடுத்து வைத்துவிட்டுப் பந்தைத் தர வேண்டும். இரண்டாம் முறையும் அதே சொற்களை அதே குரலில் சொல்வதுதான் கடினமான பகுதி. தேர்வு கொடுக்கும்போதும் ‘எந்தச் சட்டை வேண்டும்’ என்று முழுப் பெட்டியையும் திறந்து காட்டாமல், ‘சிவப்பா, நீலமா’ என்று இரண்டைக் காட்டினால் குழந்தை திணறாது.

பரிசும் தண்டனையும் குழந்தையின் கவனத்தை வேலையிலிருந்து பெரியவரிடம் திருப்பிவிடுகின்றன என்பதால் மாண்டிசோரி அவ்விரண்டையும் தவிர்த்தார். கைதட்டிப் பாராட்டுவது நம் வீடுகளில் இயல்பு. அதை விட வேண்டும் என்றால் பாட்டிமார் வருந்துவர். ஆனால் குழந்தை வேலையில் ஆழ்ந்திருக்கும்போது மட்டுமாவது பேசாமல் இருக்கலாம். ‘நீயே மடித்துவிட்டாய்’ என்று நடந்ததை அப்படியே சொல்வது, ‘வெரி குட்’ என்பதைவிடக் குழந்தைக்கு அதிகம் தருகிறது என்பதே என் அனுபவம்.

கழிப்பறைப் பழக்கமும் இந்த முறையில் ஒரு வேலையாகவே பார்க்கப்படுகிறது. நடக்கத் தொடங்கியபின் பருத்தி உள்ளாடை அணிவித்து, நனைந்தால் நனைந்தது தெரியும்படி செய்து, தாழ்வான கழிப்பிருக்கையில் உட்காரப் பழக்கி, ஆடை மாற்றுவதில் குழந்தையையே பங்கேற்கச் செய்கிறார்கள். திட்டுவதும் வெட்கப்படுத்துவதும் இல்லை. டயப்பர் வருவதற்கு முன் நம் வீடுகளில் கோமணத்துணியோடு வளர்ந்த குழந்தைகளும் நனைவதை உடனே உணர்ந்துதான் பழகின.

விமரிசனமும் சான்றும்

இந்த முறையை எதிர்த்தவர்களும் உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1914-இலேயே, மாண்டிசோரியின் கருவிகள் குறுகிய பயன் கொண்டவை, கற்பனைக்கும் கூட்டு விளையாட்டுக்கும் போதிய இடம் தருவதில்லை என்று எழுதினார். அந்த விமரிசனத்தில் உண்மை இருக்கிறது. சொப்பு வைத்துச் சோறு ஆக்குவதும் மரப்பாச்சியைத் தூங்கவைப்பதும் குழந்தையின் வளர்ச்சிக்குத் தேவையானவை. மாண்டிசோரியின் பெயரைச் சொல்லி அவற்றை வீட்டிலிருந்து அகற்றுவதை நான் ஏற்கவில்லை. உண்மையான வேலை கிடைக்கும்போது குழந்தைகள் அதையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்தனர் என்பது மாண்டிசோரி கண்டது. அதை வைத்து விளையாட்டுக்குத் தடை போடுவது அளவு கடந்த விளக்கம்.

சான்று என்று பார்த்தால், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், மாண்டிசோரிப் பள்ளிக்குக் குலுக்கல் முறையில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டு ஆஞ்சலின் லில்லார்டும் நிகோல் எல்ஸ்-க்வெஸ்ட்டும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் பேசப்படுவது. வாசிப்பு, கணக்கு, பிறரோடு பழகுதல் போன்ற சிலவற்றில் மாண்டிசோரிக் குழந்தைகள் முன்னின்றனர். ஆனால் அந்த ஆய்வு ஐந்து வயதினரையும் பன்னிரண்டு வயதினரையும் பற்றியது. இரண்டு வயதுக் குழந்தையைச் சேர்த்தால் அறிவு பெருகும் என்று யாராவது உறுதி கூறினால், அந்த ஆய்வு அதற்குச் சான்றாகாது.

பள்ளி தேடுவோர்க்கு

மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். அது எவருக்கும் தனியுரிமையான பெயரன்று. ஆகவே பலகையை நம்பாமல் அறைக்குள் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்பது நல்லது. நடக்கத் தொடங்கிய குழந்தை முதல் மூன்று வயதை எட்டும் குழந்தை வரை ஒரே அறையில் கலந்திருக்கிறார்களா என்று பாருங்கள். சிறியவர் பெரியவரைப் பார்த்துக் கற்பது இந்த முறையின் இன்றியமையாத பகுதி. குழந்தை தானே கைகழுவும் உயரத்தில் குழாயோ கிண்ணமோ இருக்கிறதா, ஆசிரியர் தாழ்ந்த குரலில் அருகே வந்து பேசுகிறாரா, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்றே உள்ள பயிற்சியை அவர் பெற்றிருக்கிறாரா என்று விசாரியுங்கள். இரண்டு வயதுக் குழந்தையின் கையில் பென்சிலும் எழுத்துத் தாளும் இருந்தால், பெயர் எதுவாயினும் அது மாண்டிசோரி வகுப்பு அன்று. எல்லாவற்றையும்விட, யாராவது தண்ணீரைச் சிந்தும்வரை காத்திருந்து, அடுத்த நொடியில் அங்கே என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்.

பள்ளிக்கு அனுப்பும் எண்ணமோ வசதியோ இல்லாதவர்கள் வீட்டிலேயே தொடங்கலாம். ஒரே நாளில் வீட்டை மாற்றி அமைக்காமல், ஒரு வாரத்துக்கு ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்வது குழந்தைக்கும் பெரியவருக்கும் தாங்கும். முதல் வாரம் செருப்பாகவே இருக்கட்டும். வாரை எளிதில் ஒட்டிப் பிரிக்கும் வகைச் செருப்பாக வாங்கி, வாசலருகே மணையைப் போட்டு, ஒருமுறை பேசாமல் மெதுவாக மாட்டிக் காட்டிவிட்டு, வெளியே கிளம்பும் நேரத்துக்குக் கால்மணி முன்னதாகவே குழந்தையை அங்கே உட்காரவிடுங்கள். வலக்கால் செருப்பு இடக்காலில் ஏறினால், அன்று அப்படியே போய்வரலாம்.